ஒரு பக்கம் இரண்டு ரூபாய்

பாளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மூன்றாவது கடை.
எட்டரைக்கு ஷட்டரைத் தூக்கினால்
மிஷின் சூடாக ஏழு நிமிஷம்.
அதற்குள் வரிசை வந்துவிடும்.

இந்தக் கண்ணாடி பார்க்காத தாள்
ஜில்லாவில் இல்லை.
சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரி,
பீடிக் கம்பெனி பாஸ் புத்தகம்,
தாசில்தார் பச்சை மையில் கிறுக்கிய கிறுக்கல்.

வருமானச் சான்றிதழில் எல்லோருக்கும்
எழுபத்திரண்டாயிரம்தான்.
புல்லட்டில் வந்திறங்குகிறவருக்கும்,
மேலப்பாளையத்திலிருந்து நடந்தே வருகிற
செய்யதலி பாத்திமாவுக்கும்.
அவளுக்கு மட்டும் அந்தத் தொகை
கொஞ்சம் அதிகம்.

குரூப் ஃபோர் ஹால் டிக்கெட் வந்த வாரம்
டோனர் இரண்டு தடவை தீர்ந்தது.
நாங்குநேரிப் பக்கமிருந்து ஒரு அப்பாவும் மகளும்.
ஒரே தேர்வு, வேறு வேறு சென்டர்.
"ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் கெடச்சாலும் போதும்"
என்றார் அவர்.
மகள் ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடப் பையன் ஒருத்தன்
விளையாட்டுக்குக் கையை வைத்தான் கண்ணாடிமேல்.
மணிக்கட்டில் கயிறு, இரண்டு நிறம்.
பார்த்ததும் தெருவரை தெரிந்துவிட்டது,
எனக்கும்தான்.
தாளில் அது கறுப்பாக வந்தது.
"இதுல ஒண்ணும் தெரியலியேக்கா"
என்றான், ஏமாந்துபோய்.
காசு வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை
முப்பிடாதி வந்தாள்.
மானூர்க்காரி, என்னோடு படித்தவள்,
காலேஜ் பஸ்ஸில் கடைசி சீட்.
எலக்ட்ரானிக்ஸ், எட்டு செமஸ்டர்,
ஒரு அரியர் கிடையாது.
அந்தக் காலேஜ் இப்போது கல்யாண மண்டபம்.
எங்கள் லேபில் பந்தி நடக்கிறது.

பத்தாவதை வைத்தேன். பன்னிரண்டாவதை வைத்தேன்.
பட்டத்தை உறையிலிருந்து உருவும்போது
கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது வேண்டாம்ட்டி.
கங்கைகொண்டான் கம்பெனில
பிளஸ் டூ வரைக்குந்தான் எடுக்கானுவ.
டிகிரின்னு தெரிஞ்சா
ரெண்டு மாசத்துல ஓடிருவா, இல்ல
சங்கம் பேசுவான்னு
கழிச்சிப் போட்டுருதானுவ."

"நாலு வருஷம் என்னத்தப் பண்ணேன்னு கேட்டா?"

"அம்மைக்கு ஒடம்பு சரியில்ல,
வீட்ல இருந்தேம்பேன்."

சிரித்தாள்.
அந்த நாலு வருஷமும்
அவள் அம்மா
ஒரு நாள் படுத்தவள் இல்லை.
தினம் ஆயிரம் பீடி,
கம்பெனிக்காரன் கழித்துப்போட்டது போக.

கல்விக் கடன் மட்டும்
வட்டியோடு அப்படியே நிற்கிறது.
வங்கிக்கு இன்னமும்
முப்பிடாதி பட்டதாரி.

வேன் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.
நாலே முக்கால், ரஸ்தா விலக்கில்.
நிற்காது, மெதுவாகப் போகும்,
ஏறிக்கொள்ள வேண்டும்.
காசு வேண்டாம் என்றேன்.
எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கும் ஒரு பட்டம் இருக்கிறது.
காகிதம் சிக்கினால்
எந்த ரோலர் என்று சத்தத்தில் சொல்லிவிடுவேன்.
"படிச்ச பிள்ளைல்லா" என்று
முதலாளி வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்.
சம்பளத்தில் அந்த வரி கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் கூட்டமில்லை.
வெயிலில் ரோடு வெளுத்துக் கிடந்தது.
பையிலிருந்து என் பன்னிரண்டாவதை எடுத்து,
சுருக்கத்தை நீவிக் கவிழ்த்து வைத்து
மூடியைச் சாத்தினேன்.
வெளிச்சம் அடியில் ஒருமுறை ஓடித் திரும்பியது.

கவுன்டர் காட்டிக்கொடுத்துவிடும்.
என் காசிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்து
டப்பாவில் போட்டேன்.